கரு தங்கும் நாளை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது?

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று சொல்லும் பெண்ணுக்குத் தோழியும் சொல்வாள், நாத்தனாரும் சொல்வார், செல்போன் செயலியும் சொல்லும்: பீரியட்ஸ் வந்ததிலிருந்து 14ஆம் நாள்தான் முக்கியம் என்று. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும் பெண்ணுக்கு இது ஏறக்குறைய பொருந்தும். 24 நாளுக்கோ 35 நாளுக்கோ ஒருமுறை வரும் பெண்ணுக்குப் பொருந்தாது. பொருந்தாத நாளை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, "எனக்குத்தான் ஏதோ குறை" என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி உடைந்துபோனவர்களில் சிலருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. நாளை எண்ண ஆரம்பித்த பக்கம்தான் தப்பாகியிருக்கும்.

மாதவிடாய்ச் சுழற்சிக்கு இரண்டு பாதிகள். இரத்தப்போக்கு தொடங்கும் நாளிலிருந்து முட்டை வெளிவரும் நாள் வரை முதல் பாதி. இந்தக் காலத்தில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை சுருங்கிவிடுகின்றன. முந்திய பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டே வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதுமான உயரத்தைத் தொட்டதும் எல்.எச். ஹார்மோன் திடீரென்று ஏறுகிறது. அடுத்த ஒன்று, ஒன்றரை நாளில் பை வெடித்து முட்டை வெளிவருகிறது. அங்கிருந்து இரண்டாம் பாதி. வெடித்த பை புரொஜெஸ்டிரோனைச் சுரந்து கருப்பையின் உள்சவ்வைக் கரு ஒட்டுவதற்கு ஏற்றதாக்குகிறது. கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு நின்று, சவ்வு கரைந்து, அடுத்த பீரியட்ஸ் வருகிறது.

இரண்டாம் பாதி பெரும்பாலும் 12 முதல் 14 நாள். ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் முதல் பாதிதான். தேர்வு, வேலைப் பளு, காய்ச்சல், எடை ஏற்ற இறக்கம், தைராய்டு என எது வந்தாலும் முட்டை முதிர்வதுதான் தள்ளிப்போகும். "இந்த மாசம் பத்து நாள் தள்ளிப்போச்சு" என்று சொல்கிறோமே, அந்த மாதம் முட்டை வெளிவந்ததே கிட்டத்தட்ட பத்து நாள் தாமதமாக என்றுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். ஆகவே முட்டை வெளிவந்த நாளை அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

2019இல் ஒரு செயலியைப் பயன்படுத்திய பெண்களின் 6 லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. சராசரிச் சுழற்சி 29.3 நாள். முதல் பாதியின் சராசரி 16.9 நாள், இரண்டாம் பாதி 12.4 நாள். மிகச் சரியாக 28 நாளில் முடிந்த சுழற்சிகள் 100க்கு 13தான். 28 நாள் கணக்கை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்தால் எத்தனை பேருக்குத் தப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வேளச்சேரியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஜூன் 3ஆம் தேதி பீரியட்ஸ். 14ஆம் நாள் என்றால் ஜூன் 16. அதை நம்பி 14, 15, 16 தேதிகளில் தம்பதி சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த பீரியட்ஸ் வந்தது ஜூலை 6, அதாவது 33 நாள் கழித்து. அங்கிருந்து 14 நாள் பின்னால் போனால் ஜூன் 22. முட்டை வெளிவந்தது ஏறக்குறைய அன்றைக்கு; கரு தங்க வாய்ப்பிருந்த நாட்கள் ஜூன் 17 முதல் 22 வரை. "சரியான நாளில்தான் இருந்தோம்" என்று அவர்கள் நம்பிய மாதத்தில், வாய்ப்புள்ள நாள் ஒன்றுகூட அவர்கள் கையில் அகப்படவில்லை. இதே தப்பை அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவர்கள் செய்யக்கூடும்.

எண்ணும்போது இன்னொரு குழப்பமும் நேர்கிறது. மருத்துவமனையில் நர்ஸ் "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துனீங்க?" என்று கேட்டால், சிலர் பீரியட்ஸ் தொடங்கிய தேதியைச் சொல்கிறார்கள், சிலர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தலைக்குக் குளித்த தேதியைச் சொல்கிறார்கள், இரத்தம் முற்றிலும் நின்ற தேதியைச் சொல்பவர்களும் உண்டு. மருத்துவக் கணக்கில் முதல் நாள் என்பது இரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள். அதற்கு முன் ஓரிரு நாள் லேசாகக் கறை பட்டிருந்தால் அது கணக்கில் சேராது. நான்கு நாள் தள்ளி எண்ணினால், ஆறே நாள் அகலமுள்ள இந்தக் கணக்கு முழுக்க இடம் மாறிவிடும். மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டரில் பால் வராத நாளையும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியையும் குறிக்கிற அதே கட்டத்தின் மூலையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆறு மாதம் சேர்ந்தால் அந்தப் புள்ளிகளே மருத்துவருக்கு நல்ல ஆவணம்.

முன்னிருந்து எண்ணும் வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிடம் பிரிந்துபோன கணவனும் "பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்" மனைவியை விட்டு அகன்றிருக்கக் கூடாது என்கிறது. பூப்புக்கு, அதாவது மாதவிடாய்க்குப் பின் வரும் அந்தப் பன்னிரண்டு நாளைக் கரு தோன்றும் காலமாக உரைமரபு விளக்குகிறது. ஹார்மோனும் ஸ்கேனும் இல்லாத காலத்தில் இதைக் கவனித்துச் சொன்னது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். இரத்தம் நின்றபின் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 15, 16ஆம் நாள் வரை வந்துவிடுகிறது. 28, 29 நாள் சுழற்சி உள்ள பெண்ணின் வாய்ப்புள்ள நாட்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் 35 நாள் சுழற்சிக்காரருக்கு முட்டை வருவது 21ஆம் நாள் வாக்கில். அவருக்கான நாட்கள் அந்தப் பன்னிரண்டு முடிந்த பிறகே தொடங்குகின்றன.

ஆறு நாள், அதிலும் முட்டைக்கு முந்தைய நாட்கள்

வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் கருவுறும் நிலையில் இருக்கும். விந்தணுவோ, உள்ளே சூழல் சாதகமாக இருந்தால், ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கும் நாட்கள் என்பது விளங்கும். முட்டை வந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு அதன்பிறகு சேர்ந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். விந்தணு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும்.

இதை நிலைநாட்டியது 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஆலன் வில்காக்ஸும் அவரது குழுவினரும் வட கரோலினாவில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சேகரித்து ஹார்மோன்களை அளந்தார்கள். கருத்தரித்த எல்லாச் சுழற்சிகளிலும் உறவு அந்த ஆறு நாளுக்குள்தான் நடந்திருந்தது. ஆறு நாளின் தொடக்கத்தில் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். கடைசி நாட்களில் 30 சதவீதத்தை ஒட்டி ஏறியது. முட்டை வந்த மறுநாளிலிருந்து வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அதே குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, ஆறு நாளும் முழுமையாக 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் அமைந்தது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று காட்டியது. பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறவர்களுக்கும் இந்த நாட்கள் மாதத்துக்கு மாதம் இடம் மாறுகின்றன.

தினமும் சேர்ந்தால் விந்து நீர்த்துவிடும், ஆகவே "அந்த நாளுக்காக" பத்து நாள் விலகியிருங்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. விந்தணு இயல்பாக உள்ள ஆணுக்கு இது தேவையில்லை; நீண்ட நாள் விலகியிருந்தால் அணுக்களின் தரம் குறையவே வாய்ப்பு. அந்த ஆறு நாளில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலும் தினமும் சேர்ந்தாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. நாள் பார்த்துப் பார்த்துப் படுக்கையறையே பரீட்சைக் கூடமாகி அவதிப்படும் தம்பதிகள், பீரியட்ஸ் நின்றதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்துவந்தாலே நாள் எதுவும் தவறாது.

ஆண் குழந்தைக்கு எந்த நாள், பெண் குழந்தைக்கு எந்த நாள் என்ற கேள்வியும் தவறாமல் வருகிறது. இரட்டைப்படை இரவு, ஒற்றைப்படை இரவு என்று பழைய கணக்கு ஒன்று இன்னும் புழங்குகிறது. முட்டை வரும் நாளில் சேர்ந்தால் ஆண், முன்னால் சேர்ந்தால் பெண் என்று நவீனச் சாயம் பூசிய கணக்கும் சுற்றுகிறது. 1995 ஆய்வு இதையும் பார்த்தது. உறவு கொண்ட நாளுக்கும் பிறந்த குழந்தையின் பாலினத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. இதற்காக ஒரு பெண்ணை நாள் கணக்கு பார்க்கச் சொல்லி நெருக்குவது அநியாயம்.

வெள்ளைப்படுதலை நோய் என்று நினைக்காதீர்கள்

பின்னோக்கி எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த பீரியட்ஸ் வந்த பிறகுதான் கணக்கு தெரியும். அதற்குள் அந்த மாதம் முடிந்திருக்கும். அப்படியானால் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? உடம்பே காட்டிக்கொடுக்கிறது. காசு செலவில்லாத, கருவி தேவைப்படாத அந்த அடையாளத்தைத்தான் நம் வீடுகளில் நோய் என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

கருப்பை வாயிலிருந்து சுரக்கும் திரவம் சுழற்சி முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பீரியட்ஸ் நின்ற சில நாள் வறட்சியாக இருக்கும். பிறகு கொஞ்சம் ஒட்டும் தன்மையோடு, வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, விரலில் எடுத்தால் இழுபடாமல் அறுந்துபோகிற கசிவு வரும். ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற அளவு கூடி, தண்ணீராகி, கடைசியில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் நிறமில்லாமல் வழுவழுப்பாக மாறும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல விலக்கினால் அறுந்துபோகாமல் சில சென்டிமீட்டர் நீளும். உட்காரும்போதும் நடக்கும்போதும் ஓர் ஈரம் தெரியும். இந்த வழுவழுப்புதான் விந்தணு நீந்திப்போக வழி விடுகிறது, அதற்கு உணவும் பாதுகாப்பும் தருகிறது. முட்டை வெளிவந்து புரொஜெஸ்டிரோன் சுரக்கத் தொடங்கியதும் ஓரிரு நாளில் கசிவு கெட்டிப்பட்டு வறண்டுவிடும். வழுவழுப்பு தென்பட்ட கடைசி நாளை ஒட்டியே முட்டை வெளிவந்திருக்கும். ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதி ஜான் பில்லிங்ஸும் ஈவ்லின் பில்லிங்ஸும் இதை ஒரு முறையாகவே வகுத்துப் பரப்பினார்கள்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மாத நடுவில் உள்ளாடையில் ஈரம் கண்டதும் "வெள்ளைப்படுது" என்ற கவலை. உடல் சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். எலும்பு உருகி வெளியேறுகிறது என்று பயமுறுத்துவார்கள். எலும்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரோக்கியமான சினைப்பை வேலை செய்வதன் அறிகுறி அது. அரிப்பு, எரிச்சல், கெட்ட வாடை, திட்டுத் திட்டாகத் திரிந்த வெள்ளை, பச்சை நிறம் இவற்றில் ஏதாவது இருந்தால் அது தொற்று. மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். இவை எதுவும் இல்லாமல், மாதத்தில் சில நாள் மட்டும் வந்துபோகும் வழுவழுப்பை நோயாக நினைத்து ஒரு பெண் பல வருடம் கூசிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் சினைப்பையின் படம் வரைந்து பாகங்களைக் குறித்தவர்களுக்கும் இந்த ஒரு செய்தி சொல்லப்படுவதில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ளவர்கள். கழுவியபின் பார்த்தால் எதுவும் தெரியாது. கழுவும் முன், கை சுத்தமாக இருக்கும்போது, விரலாலோ டிஷ்யூவாலோ துடைத்துப் பார்க்க வேண்டும். உறவு கொண்ட மறுநாள் காலை விந்து வெளியேறிக்கொண்டிருக்கும். அன்றைக்குப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாளுக்கு ஒரு சொல் எழுதினால் போதும்: வறட்சி, ஒட்டல், ஈரம், வழுவழு. இரண்டு மூன்று சுழற்சிகளில் பழகிவிடும்.

வெப்பமானி வழி இதைவிடச் சிரமமானது. காலையில் கண் விழித்ததும், எழுந்து நடக்கும் முன், தண்ணீர்கூடக் குடிக்காமல் வாயில் வைத்து வெப்பத்தை அளந்து எழுதிவர வேண்டும். முட்டை வெளிவந்தபின் புரொஜெஸ்டிரோன் காரணமாக உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் ஏறி அடுத்த பீரியட்ஸ் வரை அப்படியே நிற்கும். ஏறியது தெரியும்போது முட்டை வந்து போயிருக்கும். எனவே இந்த மாதத்துக்கு உதவாது. முட்டை வருகிறதா, எத்தனையாவது நாள் வருகிறது என்று அடுத்தடுத்த மாதங்களுக்குத் தெரிந்துகொள்ள உதவும். சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறி வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்த முறை சரிப்படாது. தூக்கம் கெட்டாலே அளவு தப்பும்.

மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் எல்.எச். ஏற்றத்தைச் சிறுநீரில் கண்டுபிடிக்கிறது. பிரெக்னன்சி கிட்டில் மங்கலான இரண்டாவது கோடு தெரிந்தாலே பாசிட்டிவ் என்று பழகியவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். சிறுநீரில் எல்.எச். எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். மங்கல் கோடு எந்த நாளும் வரும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். அதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரலாம். ஆகவே பாசிட்டிவ் கண்ட அன்றும் அடுத்த இரண்டு நாளும் சேரலாம். எந்த நாளில் சோதனையைத் தொடங்குவது? உங்கள் மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 17ஐக் கழியுங்கள். 30 நாள் என்றால் 13ஆம் நாளிலிருந்து. நிறையத் தண்ணீர் குடித்தவுடன் சோதித்தால் சிறுநீர் நீர்த்துப்போய்க் கோடு மங்கிவிடும். இரண்டு மணி நேரம் விட்டுச் சோதிப்பது நல்லது.

ஸ்கேன் அறையில் "ஃபாலிகுலர் ஸ்டடி" என்று சொல்வது இதையே கண்ணால் பார்ப்பது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஒன்றும் புரியாமல் வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலர். ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "டே 11, ஆர்.ஓ. 14 × 13, எல்.ஓ. எம்.எஸ்.எஃப்., ஈ.டி. 7.2." பதினோராம் நாள், வலது சினைப்பையில் 14க்கு 13 மில்லிமீட்டர் முட்டைப்பை ஒன்று வளர்கிறது, இடதில் சிறிய பைகள் பல மட்டும் உள்ளன, கருப்பை உள்சவ்வின் தடிமன் 7.2 மில்லிமீட்டர் என்று அர்த்தம். முந்தும் பை நாளுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். 18 முதல் 24 மில்லிமீட்டருக்குள் வெடிக்கும். அப்படியானால் மேலே சொன்ன பெண்ணுக்கு 13ஆம் நாளிலிருந்து கவனிக்க வேண்டும். வெடித்தபின் "ரப்ச்சர்ட்" என்று எழுதுவார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்காமல், பை 16ஐத் தாண்டியதிலிருந்தே சேர்ந்திருப்பது நல்லது.

கரு தங்காமலிருக்க இதே கணக்கை நம்பலாமா?

இந்த இரண்டு நோக்கங்களுக்கும் கணக்கு ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. குழந்தை வேண்டும் என்பவர் ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த மாதம் இருக்கிறது. வேண்டாம் என்பவருக்கு ஒரு நாள் தப்பினாலும் வாழ்க்கை மாறும். ஜப்பானில் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் நௌஸும் 1920களில் தனித்தனியாகக் கண்டறிந்த முறைதான் "சேஃப் பீரியட்" என்று நம் பேச்சில் புழங்கும் கணக்கின் மூலம். கடந்த ஆறு முதல் பன்னிரண்டு சுழற்சிகளில் மிகக் குறுகியதிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். 27க்கும் 35க்கும் இடையில் மாறிவரும் பெண்ணுக்கு 9ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டிய காலம் என்று வரும். மாதத்தில் பாதி. யோசித்துப் பார்த்தால், இவ்வளவு அகலமாக வருவதே நியாயம். முட்டை எந்த நாளில் வரும் என்பது அவ்வளவு நிச்சயமற்றது.

சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசு முதன்முதலில் கையிலெடுத்த குடும்பக் கட்டுப்பாட்டு முயற்சிகளில் ஒன்று இதே முறைதான். அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் கருத்தடைச் சாதனங்களை விரும்பாத காந்தியவாதி. உலக சுகாதார நிறுவனம் அனுப்பிய அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் 1950களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் பெண்களுக்கு நிறம் நிறமான மணிமாலைகளைக் கொடுத்தார். நாளுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். பச்சை மணி பாதுகாப்பான நாள், சிவப்பு மணி விலக வேண்டிய நாள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 26 முதல் 32 நாள் சுழற்சி உள்ள பெண்களுக்கு மட்டும் என்று வரையறுத்து, 8 முதல் 19ஆம் நாள் வரை விலகச் சொல்லும் முறையை உருவாக்கியது. துளியும் பிசகாமல் கடைப்பிடித்தாலும் ஆண்டுக்கு 100 பேரில் 5 பேருக்குக் கரு தங்கியது. வழக்கமான பயன்பாட்டில் 12 பேருக்கு.

எனவே கருத்தரிப்பதை உண்மையிலேயே தள்ளிப்போட வேண்டியவர்கள் காண்டம், காப்பர்-டி, மாத்திரை என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது. "தப்பினால் மறுநாள் மாத்திரை போட்டுக்கொள்ளலாம்" என்ற நினைப்பும் சென்னையில் ஆபத்து. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசர மாத்திரையைப் பல மருந்துக் கடைகளில் வைத்திருப்பதே இல்லை. அப்படி நேர்ந்தால் ஐந்து நாளுக்குள் மகப்பேறு மருத்துவரிடம் போய்க் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், அது மாத்திரையைவிட உறுதியானது. பிரசவமானவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடக்கூடும். தாய்ப்பால் மட்டும் இரவு பகலாகக் கொடுப்பது, குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதது, பீரியட்ஸ் திரும்பாதது ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கும்வரைதான் பாலூட்டல் தடையாகச் செயல்படும்.

நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு, அதாவது பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன கணக்கெல்லாம் தடுமாறும். பைகள் வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். சில மாதம் முட்டையே வராது. எல்.எச். அளவு எப்போதுமே உயர்ந்திருக்கலாம் என்பதால் கிட் நாள்தோறும் பாசிட்டிவ் காட்டக்கூடும். வழுவழுப்பு வந்து வந்து மறையும். இவர்கள் காலண்டரைப் பார்த்து மனம் நோகாமல் ஸ்கேன் வழிக்குப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும். "21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன்" என்று எழுதிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையிலும் இதே கவனம் வேண்டும். அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு எடுப்பதே அதன் நோக்கம். 35 நாள் சுழற்சிக்காரருக்கு அது 28ஆம் நாள். 21இல் எடுத்துவிட்டு "முட்டை வரவில்லை" என்று அறிக்கை வந்தால், அன்றைக்கு வராமல் பின்னால் வந்திருக்கலாம்.

ஊர் வழக்கங்களும் நாளைத் தின்கின்றன. சித்திரையில் பிரசவம் வேண்டாம் என்று புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்து, பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஒரு சுழற்சி போயிற்று. கார்த்திகையில் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள் விரதம், இன்னொன்று போயிற்று. கணவர் பெங்களூரில் வேலை, வெள்ளி இரவு ரயிலில் வந்து ஞாயிறு இரவு திரும்புகிறார் என்றால் வாய்ப்புள்ள ஆறு நாள் வாரநாட்களில் விழும் மாதங்களில் அவர்களுக்கு அதிகம் மிஞ்சாது. இவற்றை யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை. "கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சே, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்கும் உறவினர்கள், அந்த ஒரு வருடத்தில் உண்மையாக முயற்சி செய்ய முடிந்த மாதங்கள் எத்தனை என்று யோசிக்க வேண்டும்.

35 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் முயன்றும் பலனில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கலாம். 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். 40க்கு மேல் காத்திருக்கவே வேண்டாம். பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் வராமலிருப்பவர்கள் எந்த வயதானாலும் உடனே போகலாம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்னமும் அழைக்கப்படும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகிய அரசு மருத்துவமனைகளில் பெண்கள் நலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது; எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்கிக்கொண்டு ஐ.வி.எஃப். மையத்தின் படியேற வேண்டியதில்லை. முயற்சி தொடங்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டு வருவது குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சிக்கு நல்லது.

முதல் தடவை போகும்போது பீரியட்ஸ் தேதிகள் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு, கணவரும் கூடவே போக வேண்டும். குழந்தையில்லாத தம்பதிகளில் கணிசமானவர்களுக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியில்லை, வலியில்லை. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. மழைக்கால டெங்குவில் கடும் காய்ச்சல் கண்டவருக்கு அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை குறைந்து காணப்படலாம். அதைச் சொல்லிவிட்டு, பிறகு மறுபடி சோதிக்கலாம். "அவருக்கெல்லாம் ஒண்ணும் இருக்காது, முதல்ல மருமகளைக் காட்டுங்க" என்று வீட்டில் யார் சொன்னாலும், அந்தப் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் மருமகளை, வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபி மேசைக்கு அனுப்பச் சம்மதிக்க வேண்டாம்.